பயந்தவரோ என்ற கேள்விக்கு

ஆஸ்பத்திரி வான் நானுஓயா வளைவுகளில் ஏறிக்கொண்டிருந்தபோது தொலைபேசி அடித்தது. பயணத்தடைக் காலம். தெருவில் எங்களைத் தவிர வேறு வாகனம் இல்லை. காலைக் கடமைக்குப் போகும் தாதியர் இருவர் முகக்கவசத்தோடு முன் இருக்கையில் தூங்கிக்கொண்டிருந்தார்கள். திரையில் டொக்டர் குகதாசனின் மனைவி சாரதாவின் பெயர் இருந்தது. எடுப்பதற்குச் சற்றுத் தாமதித்தேன். அந்தத் தாமதத்தால் எதுவும் மாறிவிடாது என்று தெரியும். ஆனாலும் தாமதித்தேன்.

"டொக்டர், இவர் எங்களை விட்டிட்டுப் போட்டார்," என்றார். "கண்டி ஆஸ்பத்திரியில இருந்து இப்பதான் எடுத்துச் சொன்னவை."

நான் என்ன சொன்னேன் என்று ஞாபகமில்லை. ஏதாவது சொல்லியிருப்பேன். யாழ்ப்பாணத்தில் தனியாக ஒரு வீட்டில் இருந்துகொண்டு அவர் அழாமல் பேசினார். வரவும் வழியில்லை, வந்தாலும் முகத்தைக் காட்ட மாட்டார்கள் என்றார். பிறகு, நான் எதிர்பார்க்காத ஒன்றைக் கேட்டார்.

"நீங்கள்தானே கடைசியாப் பக்கத்தில நிண்டனீங்கள். மறைக்காமல் சொல்லுங்கோ. இவர் பயந்தவரோ?"

அந்த வளைவில் எப்போதும் தொடர்பு அறுந்துவிடும். அன்றும் அறுந்தது. மறுபடி அழைக்க எனக்கு மாலைவரை ஆனது. அழைத்தபோதும், வேறு விடயங்களைப் பேசினோமே தவிர, கடைசியில் அவர் பயந்தாரா என்ற அந்தக் கேள்விக்கு நான் வரவில்லை. இறந்தவர்களின் வீட்டார் பலர் எங்களிடம் இதையே கேட்டிருக்கிறார்கள். அவர்களுக்குச் சொல்ல எங்களிடம் தயாரான பதில் ஒன்று இருந்தது: "இல்லை, அமைதியாகத்தான் இருந்தார்." பெரும்பாலும் அது உண்மை. உண்மையாக இருந்ததால்தான் அதைச் சாரதா அக்காவிடம் என்னால் சொல்ல முடியவில்லை. ஏன் என்பதைத்தான் இங்கே எழுத முயல்கிறேன். மூடிய பெட்டி கண்டியிலிருந்தே தகனத்துக்குப் போனது. அவரோடு வேலை செய்த நாம் எவரும் அங்கே நிற்கவில்லை. ஆகவே இது உங்களுக்குமானது.

எங்கள் அதிதீவிர சிகிச்சைப் பிரிவுக்கு அவர் மயக்கமருந்து நிபுணராக வந்தபோது, ஓரிரு வருடத்தில் இடமாற்றம் வாங்கிக்கொண்டு ஊருக்குப் போய்விடுவார் என்று நினைத்தேன். வடக்கிலிருந்து வருபவர்கள் அநேகமாக அப்படித்தான். குளிரைக் கண்டால் அவருக்கு ஆகாது. காதுவரை இழுத்த கம்பளித் தொப்பியோடு நோயாளர் வோட்டுக்கு வருவார். சட்டைப்பையில் எப்போதும் பனங்கட்டித் துண்டு ஒன்று இருக்கும். அதைக் கடித்துக்கொண்டு பால் விடாத பிளேன்டீ குடிப்பார். எங்கள் தேயிலைக்குச் சீனி போடுவது பாவம் என்பது அவருடைய கட்சி. அவருடைய பேச்சைக் கேட்டால் தோட்டத்து நோயாளிகளுக்குச் சிரிப்பு வரும். "அய்யா பேசுறது பாதி வெளங்குது, மீதி ரேடியோ செய்தி மாதிரி இருக்கு," என்று ஒரு முதியவர் முகத்துக்கு நேரே சொன்னார். "விளங்கின பாதிக்கு மருந்தைக் குடியுங்கோ. மிச்சத்தை நான் வந்து திரும்பச் சொல்லுறன்," என்றார் டொக்டர் குகதாசன். அவரை நாங்கள் எல்லோரும் 'சேர்' என்றுதான் கூப்பிடுவோம். மாற்றம் கேட்டு அவர் விண்ணப்பிக்கவே இல்லை. காரணத்தை நான் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை.

கொரோனா எங்கள் மலைக்கு வருவதற்குச் சற்று முன், பிரிவில் இருந்த எல்லோரையும் கூப்பிட்டு ஒரு கூட்டம் வைத்தார். சிற்றூழியர்கள் உட்பட எல்லோரும் நின்றோம். தைரியம் சொல்வார் என்று எதிர்பார்த்தோம். "எனக்குச் சரியான பயமாக் கிடக்கு," என்று தொடங்கினார். "உங்களுக்கும் பயம் வரவேணும். பயம் இல்லாதவை கையை ஒழுங்காக் கழுவ மாட்டினம். வீட்டுக்குப் போய்ப் பிள்ளையைத் தூக்குவினம். பயப்பிடாத ஆள் எனக்கு இஞ்ச வேண்டாம்." அவ்வளவுதான் கூட்டம். வெளியே வந்ததும் எனக்குக் கோபம். பயம் ஒரு மருத்துவ முறை அல்ல என்று அவரிடமே சொன்னேன். "சரி, நீங்கள் நம்பாதேங்கோ," என்றார். "ஆனால் பயப்பிடுங்கோ."

அது தானாகவே வந்தது. பாதுகாப்பு அங்கியைக் கழற்றும் அறையில் எந்த நாடாவை முதலில் அவிழ்ப்பது என்பது நன்றாகத் தெரிந்திருந்தும் சுவரில் ஒட்டியிருந்த வரிசையை மறுபடி மறுபடி வாசிப்பேன். தலவாக்கலையில் என் வீட்டின் பின்கதவால் நுழைந்து, குளித்து, தனி அறையில் தனித் தட்டில் சாப்பிட்டேன். மகள் கதவுக்கு வெளியே நின்று பேசுவாள். உள்ளே இருந்தபடி என் மூச்சை நானே ஆழமாக இழுத்துப் பார்ப்பேன். வோட்டில் குப்புறப் படுக்க வைக்கப்பட்டிருந்தவர்களின் முதுகுகள் வரிசையாகத் தெரியும். முகம் தெரியாது. இயந்திரம் ஊதும்போது முதுகு ஏறும், விடும்போது இறங்கும். சில நாட்களில் வீட்டுக்குப் போன பிறகும் கண்ணை மூடினால் அந்த முதுகுகள் ஏறி இறங்கும்.

எங்கள் கட்டில்களுக்கு வந்து சேரும் கடும் நோயாளிகள் எப்படிப்பட்டவர்கள் என்று தொகுத்துத் தரும்படி மேலிடத்தில் கேட்டார்கள். அந்த வேலை என்னிடம் வந்தது. வயது, நீரிழிவு, இரத்த அழுத்தம், உடற்பருமன், காய்ச்சல் தொடங்கி எவ்வளவு நாளில் வந்தார்கள், இரத்தம் கட்டியதா, சிறுநீரகம் பாதிக்கப்பட்டதா என்றெல்லாம் எழுதினேன். வெளிநாடுகளில் சொன்னவற்றில் பாதி எங்களுக்கும் பொருந்தியது. பொருந்தாதவர்களும் இருந்தார்கள். எலும்பும் தோலுமாக, வாழ்நாள் முழுக்க மலையேறி உழைத்தவர்களுக்கு, தங்களுக்குச் சீனி வியாதி இருப்பது எங்கள் கட்டிலில்தான் தெரியவந்தது. சேர் அதை வாசித்துவிட்டு, "நல்லா இருக்கு, ஆனா ஒண்டு குறையுது," என்றார்.

"என்ன குறையுது சேர்?"

"சிரிச்சுக்கொண்டு வந்தது."

அதை எப்படி அளப்பது என்று கேட்டேன். அளக்க ஏலாது என்று ஒத்துக்கொண்டார். பிறகு பனங்கட்டியைக் கடித்தபடி சொன்னார்: "ஆர் ஆர் இந்தக் கட்டிலுக்கு வருவினம் எண்டு கேக்கிற எல்லாரும், 'நீ வரமாட்டாய்' எண்ட பதிலைத்தான் தேடுகினம். நானும் அப்பிடித்தான் இதை வாசிச்சனான். வயதில மாட்டுப்பட்டன். சீனியில தப்பிட்டன்." அவருடைய அந்த ஒரு குறிப்பை நான் சேர்க்கவில்லை. இன்றும் சேர்க்க மாட்டேன். ஆனால் அவர் எதைச் சொன்னார் என்பது எனக்குத் தெரியும். இந்த நோயில் இரத்தத்தில் ஒட்சிசன் விழுந்துகொண்டே போகும். காபனீரொட்சைட்டு வெளியேறிக்கொண்டிருக்கும் வரை உடலுக்கு மூச்சு முட்டுவதாகத் தெரியாது. மூளைக்கு ஒட்சிசன் குறையக் குறைய, பயமும் போய்விடும். ஆள் கட்டிலில் சாய்ந்திருந்து கதை பேசுவார், தேநீர் கேட்பார், வீட்டுக்கு எப்போது விடுவீர்கள் என்பார். கருவி காட்டும் எண்ணையும் அவருடைய முகத்தையும் மாறிமாறிப் பார்த்தால், இரண்டில் ஒன்று பொய் என்றே தோன்றும். யாரும் முகத்தைத்தான் நம்புவார்கள்.

எங்கள் மலைகளில் முகத்தை நம்புவதற்கு இன்னொரு காரணமும் இருந்தது. கொழுந்து பறிக்கும் பெண்களின் விரல்களில் தேயிலைப் பால் ஊறிக் கறுத்திருக்கும். பனியில் நின்றதால் அவை மரத்தும் போயிருக்கும். ஒட்சிசன் பார்க்க விரலில் மாட்டும் அந்தச் சின்னக் கிளிப்பு, அப்படிப்பட்ட விரலில் பல தடவை தவறாகக் குறைத்துக் காட்டியது. சுகமாக இருந்த பெண்கள் சிலரை அதனால் அள்ளிக்கொண்டு வந்து, பிறகு திருப்பி அனுப்பினோம். அதன் பிறகு தோட்டங்களில் ஒரு பேச்சு பரவியது. "கொழுந்துக் கைக்கு அந்த மெசினு வேல செய்யாதுங்க." தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் அதைச் சொன்னார்கள், தோட்டத்து மருந்தகத்தில் சொன்னார்கள், எங்கள் வெளிநோயாளர் பகுதியிலும் சொல்லத் தொடங்கினார்கள். எண் குறைந்தால் கையைப் பார்த்தார்கள். கறை இருந்தால் ஆளை வீட்டுக்கு அனுப்பினார்கள். "முழுப் பொய் எண்டால் பிடிச்சிடலாம்," என்றார் சேர். "இது பாதி உண்மை. அதுதான் எனக்குப் பயம்."

அவர் ஒரு வழக்கத்தைக் கொண்டுவந்தார். வாசலில் ஒரு வெந்நீர்க் கேத்தலும் தட்டையான பாத்திரமும் வைக்கச் சொன்னார். கறை விரலோடு யார் வந்தாலும் முதலில் தேசிக்காய் எனும் எலுமிச்சையின் பாதியால் விரல்நுனியைத் தேய்த்து, கையை இளஞ்சூட்டு நீரில் வைத்து, பிறகு துடைத்துத் தன் இரண்டு கைகளுக்கும் நடுவில் பிடித்துக்கொள்வார். அதற்குப் பிறகுதான் கிளிப்பு. அப்போதும் சந்தேகமென்றால் காதுமடலில் பார்ப்பார். சூடானதும் எண் ஏறினால் குளிர்தான் காரணம். ஏறாவிட்டால் ஆளைக் கட்டிலுக்குக் கொண்டு ஓடு என்பார். புதிதாக எதையும் அவர் கண்டுபிடித்துவிடவில்லை. இது எங்கள் எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஒவ்வொரு கைக்கும் நின்று அதைச் செய்ய அவருக்குத்தான் பயம் இருந்தது.

ராமாயி வந்த நாளை உங்களில் சிலர் மறந்திருக்க மாட்டீர்கள். தலவாக்கலைப் பக்கத் தோட்டமொன்றில் கொழுந்து பறிப்பவர். காய்ச்சல் விட்டுவிட்டது, மருந்து மட்டும் கொடுங்கள் என்று வந்தவர். வாசலில் நின்றபடியே எங்கள் சிற்றூழியப் பெண்ணோடு ஏதோ சொந்தம் கண்டுபிடித்துச் சிரித்துக்கொண்டிருந்தார். தொண்ணூற்றைந்துக்கு மேலே இருக்க வேண்டிய எண் எழுபதுகளில் இருந்தது. விரல்கள் கரியாக இருந்தன. "கறைதான் டொக்டர்," என்று யாரோ சொல்லவும் செய்தார்கள். சேர் கேத்தலை எடுத்தார்.

"என்னங்கய்யா இது, கல்யாணத்துல தார வாக்கிற மாதிரி கையில தண்ணி ஊத்துறீங்க," என்றார் ராமாயி.

"பேசாமல் வையுங்கோ கையை."

"எங்க வீட்டுக்காரரு கூட இவ்ளோ நேரம் கையப் புடிச்சதில்ல. அவரு பாத்தா செடி வெட்டுற கவ்வாத்துக் கத்தியோட வந்துருவாருங்க."

எல்லோரும் சிரித்தோம். சேர் சிரிக்கவில்லை. கை சூடாகி உள்ளங்கை சிவந்தது. கிளிப்பு மாட்டினார். எண் அசையவில்லை. காதுமடலிலும் அதேதான். "பயமா இருக்கோ பிள்ளை?" என்று கேட்டார். "எனக்கு என்னங்கய்யா பயம், நான் நல்லாத்தானே இருக்கேன். நாளைக்குப் பெரட்டுக்குப் போவணும்," என்றார் அவர், காலையில் ஆட்களை வேலைக்குப் பிரிக்கும் நேரத்தை நினைத்து. சேர் என்னைத் திரும்பிப் பார்த்தார். முகக்கவசத்துக்கு மேலே அவருடைய கண்களில் இருந்ததை விவரிக்க எனக்குத் தெரியாது. அன்று ராமாயி எங்கள் கட்டிலுக்கு வந்தார். பல நாள் குப்புறக் கிடந்தார். பிழைத்தார்.

சேருக்கு நோய் கண்டது மழைக்காலத்தில். பிரிவில் பாதிப் பேர் ஏற்கெனவே படுத்துவிட்டார்கள். அன்று மதியம் வைத்தியர் அறைக்குப் போனபோது அவர் பிளேன்டீ கோப்பையோடு ஜன்னலருகில் உட்கார்ந்திருந்தார். தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்திருந்தார். என்னைக் கண்டதும், "வாங்கோ டொக்டர், உங்கட மழை இண்டைக்கு வடிவா இருக்கு," என்றார். அத்தனை வருடத்தில் எங்கள் மழையை அவர் ஒரு தடவைகூடப் புகழ்ந்ததில்லை. உதடுகளின் நிறம் எனக்குச் சரியாகப் படவில்லை. மேசையில் கிடந்த கிளிப்பை எடுத்து நீட்டினேன். வேண்டாம் என்று சொல்லாமல் மாட்டிக்கொண்டார். எண் எண்பதுக்குக் கீழே போய் நின்றது.

அவரும் பார்த்தார். "கை குளிர்ந்துபோச்சு," என்றார். "உங்கட ஊர்க் குளிர் யாழ்ப்பாணத்துக் கைக்குச் சரிவராது."

எந்தச் சாக்கை மற்றவர்கள் சொல்லவிடாமல் தடுத்தாரோ அதையே தனக்குச் சொன்னார். நான் வாசலுக்குப் போய்க் கேத்தலையும் பாத்திரத்தையும் எடுத்து வந்தேன். "எனக்குமோ?" என்று சிரித்தார். கையைத் தண்ணீரில் வைத்தேன். துடைத்து, என் இரண்டு கைகளுக்கும் நடுவில் பிடித்தேன். இத்தனை வருடமும் கைகுலுக்காத இரண்டு பேர் நாங்கள். அவர் தன் கையைத் தந்துவிட்டு மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கை சூடானது. எண் ஏறவில்லை. காதுமடலில் மாட்டினேன். ஏறவில்லை.

"சேர், பயமா இருக்கா?"

"இல்லையே," என்றார் சேர். "உண்மையா இல்லை. ஏன் கேக்கிறீங்கள்?"

அந்த நோய்க்காலம் முழுவதிலும் நான் அதைப்போலப் பயந்தது வேறெப்போதும் இல்லை. எதிரில் இருந்தவருக்கு எல்லாம் தெரியும். அந்தக் கேள்வியை எத்தனையோ பேரிடம் கேட்டவர் அவர்தான். ஆனாலும் அவருக்குத் தெரியவில்லை. நான் கத்தியிருக்க வேண்டும், தாதி ஓடிவந்தார்.

கட்டிலில் படுக்க வைத்து, வேகமாக ஒட்சிசன் ஊதும் கருவியை மாட்டி, குப்புறத் திருப்பினோம். முனகினார். தொப்பி கேட்டார். எண் மெல்ல மெல்ல ஏறியது. வெகுநேரம் கழித்து, தலையணையில் அழுந்திய வாயால் என்னைக் கூப்பிட்டார். குனிந்தேன்.

"டொக்டர், இப்ப பயமாக் கிடக்கு. நம்பர் கூடியிருக்க வேணும், பாருங்கோ."

கூடியிருந்தது. அதைச் சொன்னேன். "அப்ப சரி," என்றார். எனக்கு அழுகை வந்தது. கண்ணாடிக்குள்ளே கண்ணைத் துடைக்கவும் வழியில்லை. அடுத்து வந்த நாட்களில் அவர் முழுமையாக அவராகவே இருந்தார். எண்ணைக் கேட்பார். கதவை யார் சாத்தவில்லை என்று கேட்பார். சிற்றூழியர்கள் தன்னருகில் அதிகம் நிற்க வேண்டாம் என்பார். சாரதா அக்காவோடு தொலைபேசியில் பேசும்போது மட்டும், எல்லாம் நல்லாத்தான் இருக்கு என்பார். அது ஒன்றுதான் அவர் சொன்ன பொய்.

பிறகு எண் மறுபடி விழத் தொடங்கியது. தொண்டைக்குள் குழாய் வைத்தே ஆகவேண்டும். எங்கள் செயற்கைச் சுவாசக் கருவிகள் எல்லாவற்றிலும் ஆட்கள் இருந்தார்கள். பயணத்துக்கான சிறிய கருவியில் பூட்டிக் கண்டிக்கு அனுப்புவதென்று முடிவாயிற்று. குழாய் வைக்கப் போவது நான். அதை எனக்குப் பக்கத்தில் நின்று எத்தனையோ முறை பார்த்து, பிழை சொல்லாமல் விட்டவரின் தொண்டையில். ஊசியில் எடுத்த மருந்தின் அளவை நான் மூன்றாம் தடவையும் சரிபார்த்ததை அவர் கண்டுவிட்டார்.

"நீங்களும் பயப்பிடுறியளோ?"

"ரொம்பப் பயமா இருக்கு சேர்."

"நல்லது. அப்ப நீங்களே செய்யுங்கோ," என்றார். மூச்சு வாங்க, கொஞ்சம் பொறுத்து இன்னொன்று சொன்னார். "எனக்குப் பயம் போறதுக்கு முன்னம் செய்யுங்கோ."

அதுதான் அவர் கடைசியாகப் பேசியது. குழாய் முதல் தடவையிலேயே சரியாகப் போனது. அம்புலன்ஸில் ஏற்றும்போது தொப்பியை மாட்டிவிட்டேன். கண்டிக்கு வழக்கமாகப் போகும் பாதை மண்சரிவால் மூடியிருந்ததால் வேறு வழியால் போனார்கள். அதன் பிறகு நான் அவரைக் காணவில்லை.

சாரதா அக்கா, உங்கள் கேள்விக்கு நான் தர வேண்டிய பதில் இதுதான். ஆம், அவர் பயந்தார். விழிப்போடு இருந்த கடைசி நிமிடம்வரை பயந்தார். நான் பார்த்த எத்தனையோ பேருக்கு அந்தப் பயம் கிடைக்கவில்லை. அவர்கள் சிரித்துக்கொண்டே போனார்கள். அவர்களுடைய வீட்டாரிடம் 'அமைதியாக இருந்தார்' என்று சொல்லியிருக்கிறேன். உங்களிடம் அதைச் சொன்னால், என் கைக்குள் கையைத் தந்துவிட்டு மழையைப் பார்த்துக்கொண்டிருந்த ஒருவரைப் பற்றித்தான் சொல்வதாக ஆகும். அது நீங்கள் அறிந்தவர் அல்ல. அவர் அதிலிருந்து திரும்பி வந்தார். திரும்பி வந்து பயந்தார். எனக்கு அது போதும் என்று சொல்ல மாட்டேன். எனக்கு எதுவும் போதாது. உங்களுக்கு இதைத் தெரிவிக்க வேண்டும் என்று மட்டும் நினைத்தேன்.

போன வாரம் ராமாயி பரிசோதனைக்கு வந்திருந்தார். மூச்சு இன்னும் முழுதாகத் திரும்பவில்லை, மலையேறினால் இளைக்கிறது. மறுபடி கொழுந்துக்குப் போகிறார். உட்கார்ந்ததும், கேட்காமலே இரண்டு கைகளையும் மேசையில் நீட்டினார். விரல்நுனிகள் வெளுத்திருந்தன, தேசிக்காய் மணத்தது.

"வீட்டுலயே தேய்ச்சிட்டேங்க டாக்டரம்மா. அய்யாவுக்குக் கறையோட வந்தா புடிக்காதுல்ல. எங்க, அய்யாவக் காணோம்?"

சொன்னேன். நீட்டிய கைகளை மெல்ல இழுத்துக்கொண்டார். பிறகு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, "கையப் புடிச்சி உக்காந்திருந்தாரே," என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

அவருடைய பொருள் எதுவும் என்னிடம் இல்லை. பாத்திரமும் கேத்தலும் ஆஸ்பத்திரிக்குச் சொந்தம். நான் வைத்துக்கொண்டிருப்பது அவருடைய பயத்தை. எந்த முகம் எவ்வளவு சிரித்தாலும், அந்தக் கையைச் சூடாக்கிப் பார்க்காமல் அனுப்ப முடியாதபடி அது என்னைப் பிடித்திருக்கிறது. பயம் ஒரு மருத்துவ முறை அல்ல என்று இப்போதும் சொல்வேன்.

வெந்நீர் ஊற்றி, ராமாயியின் கையைத் துடைத்து, என் கைகளுக்குள் வைத்துக்கொண்டேன். கிளிப்பு மாட்டியதும் எண் நல்லபடியாக ஏறி நின்றது.

"நல்லாருக்குல்லங்க?" என்றார்.

"நல்லா இருக்கு," என்றேன். கிளிப்பைக் கழற்றி, மறுபடி காதில் மாட்டினேன்.